இரட்டைத் தட்டு

எண்பதுகளின் கடைசியில் தர்மபுரியில் ஓர் அச்சகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். தமிழ் ஹையர், இங்கிலீஷ் லோயர். பாப்பாரப்பட்டியிலிருந்து தினமும் காலையில் பஸ். அச்சகத்தின் பின்பக்கம் முதலாளி கண்ணாடித் தடுப்பு வைத்து ஓர் அறை போட்டிருந்தார். உள்ளே ஒரு ஏசி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான். மை படிந்த கையோடு யாராவது நுழைந்துவிடுவார்கள், தூசி வந்துவிடும் என்று வெளியிலிருந்து பூட்டிவிடுவார். எனக்கு வெளியே வர வேண்டுமென்றால் கண்ணாடியைத் தட்ட வேண்டும். அச்சு மிஷின் ஓடுகிற சத்தத்தில் எவனுக்குக் கேட்கும்? ஒரு நாள் பாத்ரூம் போவதற்காக கை வலிக்கத் தட்டினேன். கதவு திறந்ததும் நான் போட்ட சத்தத்தில் மிஷினையே நிறுத்திவிட்டார்கள். முதலாளி மட்டும் அசரவில்லை. "பொருளு வெல ஜாஸ்திம்மா, அதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி பூட்டினார்.

வேலையில் சேர்ந்த அன்றே என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் எல்லாவற்றையும் வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார். அப்போது பலரும் அப்படித்தான் செய்தார்கள். பள்ளி மார்க் ஷீட், டைப்ரைட்டிங் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், எல்லாம் அங்கே. வேலை கற்றுக்கொண்டு ஓடிவிடுவார்களாம். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. எங்கே ஓடப் போகிறோம் என்ற நினைப்பு.

முதலாளிக்கு ஓர் ஆசை. தமிழில் டைப் அடிக்கிற புரோகிராம் ஒன்று தன் அச்சகத்திலேயே தயாராக வேண்டும். தலைப்பு தடித்து வர வேண்டும், கீழே கோடு வர வேண்டும், நடுவில் நிற்க வேண்டும். அதற்காக ஓசூர்க்காரர் ஒருவரைப் பிடித்திருந்தார். அவருக்கு பெங்களூரில் வேலை. சனிக்கிழமை பஸ் ஏறி வருவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போவார். அவர் வருகிற ஞாயிறெல்லாம் எனக்கும் வேலை. தங்கமான மனிதர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். வந்த முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்: "நோடம்மா, எனக்குத் தமிழ் மாத்தாட வரும், ஓத வராது. நீ சொல்றத நான் மெஷினுக்குச் சொல்றேன். அஷ்டே."

தமிழ் படிக்கத் தெரியாதவர் தமிழுக்குப் புரோகிராம் எழுதுகிறார். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அவர் முதலில் செய்து வைத்திருந்தது இங்கிலீஷ் புரோகிராமைப் பார்த்துச் செய்தது. ஓர் எழுத்தைத் தடிக்க வைக்க கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு ஓர் எழுத்து, அப்புறம் இன்னோர் எழுத்து. அடிக்க வேண்டியதை அடித்த பிறகு மறுபடியும் அதையே அடித்து முடித்து வைக்க வேண்டும். முடித்து வைக்க மறந்தால் கடைசிப் பக்கம் வரைக்கும் எல்லாம் தடிதடியாக வரும். நான் மறந்தேன். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை முழுக்க, தலைவர் பேரிலிருந்து தேநீர்ச் செலவு வரை, கொட்டை கொட்டையாக வந்து நின்றது. முதலாளி பேப்பர் வீணாகிவிட்டது என்று குதித்தார்.

"இது எவன் யோசிச்ச யோசனைங்க?" என்று ஓசூர்க்காரரிடம் கேட்டேன். "முன்னால ஒருக்கா, பின்னால ஒருக்கா. கதவத் தொறந்தவன்தான் சாத்தணும்னா, நான் டைப் அடிக்கறதா, கதவு சாத்தறதா?"

"எப்படி இருந்தா உனக்குச் சரி?" என்றார்.

அப்படி ஒரு கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. வீட்டிலும் கேட்டதில்லை, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டிலும் கேட்டதில்லை.  நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னேன்.

தமிழ் டைப்ரைட்டரில் புள்ளி ஒரு நகராத விசை. எழுத்தை அடித்துவிட்டுப் புள்ளி வைப்பதில்லை. புள்ளியை முதலில் அடிப்போம், தாள் சுற்றிய வண்டி நகராமல் அங்கேயே நிற்கும், பிறகு எழுத்தை அடித்தால் அந்தப் புள்ளிக்குக் கீழே போய் உட்காரும். அடுத்த எழுத்துக்கு அது தொற்றாது. யாரும் போய் முடித்து வைக்க வேண்டியதில்லை. தடித்த எழுத்தும் அப்படி இருக்கட்டும் என்றேன். ஒரு தட்டு தட்டினால் அடுத்து வரும் ஒரு வார்த்தை மட்டும் தடிக்கட்டும். வார்த்தை முடிந்ததும் தானாக அடங்கட்டும்.

அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "ஹௌது, ஹௌது" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதிவிட்டார்.

எந்த விசை என்பதற்கு ஒரு சண்டை. அவர் இடது கைப் பக்கம் வைத்திருந்தார். கண்ட்ரோலை இடது சுண்டுவிரல் பிடித்துக்கொண்டிருக்கும்போது அதே கையால் இன்னொன்றை எப்படி அடிப்பது? நண்டு மாதிரி விரல் விரிந்தது. வலது கைக்கு மாற்றுங்கள் என்றேன். விரல்கள் எப்போதும் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே, த தடிக்க, ம நடுவில் நிறுத்த, ட கோடு போட. கை எழும்பக் கூடாது, கண் கீழே போகக் கூடாது. தப்பாகத் தட்டிவிட்டால்? மறுபடி ஒரு தட்டு, ரத்து. இப்படி ஒவ்வொன்றாக, மழைக்காலம் முழுக்க ஞாயிறுதோறும் உட்கார்ந்து செய்தோம். பூட்டிய அறைதான். ஆனால் அந்த ஞாயிறுகளில் பூட்டு எனக்கு உறைக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் ராணியாக இருந்தது அந்தச் சில மாதங்கள்தான்.

அப்புறம் என் வாய் சும்மா இருந்ததா?

ஒரு வார்த்தைக்கு ஒரு தட்டு சரி. ஒரு முழுப் பத்தியைத் தடிக்க வைக்க வேண்டுமென்றால் வார்த்தைக்கு வார்த்தை தட்டிக்கொண்டிருக்க முடியுமா? அதற்கு இரட்டைத் தட்டு வைக்கலாம் என்றேன். சட்டென்று இரண்டு முறை தட்டினால் பத்தி முடிகிற வரை. நிதானமாக இரண்டாவது தட்டினால் அது பழையபடி ரத்து. மூன்று விசைகளுக்கும் அப்படியே.

"சட்டென்றுன்னா எவ்வளவு?" என்றார். மெஷினுக்குச் சட்டென்று என்றால் புரியாது. முதல் தட்டு விழுந்ததும் அது தனக்குள்ளே வெறுமனே எண்ண ஆரம்பிக்குமாம். அந்த எண்ணிக்கை முடிவதற்குள் அடுத்த தட்டு விழுந்தால் இரட்டை. எதுவரை எண்ண வேண்டும் என்று அவர் ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். "நீ அடி, பாக்கலாம்" என்றார்.

அடித்தேன். எனக்கு அப்போது வேகத்தில் அப்படி ஒரு திமிர். பரீட்சையில் எனக்கு முன்னால் யாரும் தாளை உருவியதில்லை. அவர் ஓர் எண்ணைச் சொன்னார். "இதுக்கு மேலயும் கொஞ்சம் எடம் உடலாமா? வேற யாராவது அடிச்சா?" என்று கேட்டார்.

"இதவிட மெதுவா அடிக்கறவ டைப்பிஸ்ட்டே இல்லீங்க" என்றேன்.

அவர் என் எண்ணையே வைத்துவிட்டார். அதுதான் நான் என் காலில் நானே மாட்டிக்கொண்ட விலங்கு. அன்றைக்கு அது எனக்குக் கொலுசு மாதிரி இருந்தது.

அடுத்த வருஷம் கோடையில் எனக்கு அரசாங்க டைப்பிஸ்ட் வேலைக்கு ஆர்டர் வந்தது. அரூர்ப் பக்கம் ஓர் அலுவலகம். முப்பது நாளுக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்பா இல்லாத வீடு. இரண்டு ஏக்கர் மானாவாரி, தங்கை பத்தாவது படிக்கிறாள். அம்மா அந்தக் கவரைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அழுதாள். நான் அழவில்லை. காலை பஸ்ஸில் போய் முதலாளியின் மேசை மேல் ஆர்டரை வைத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "சந்தோசம்மா" என்றார். பிறகு, "ஒனக்குப் பதிலா ஒரு ஆளத் தயார் பண்ணிக் குடுத்துட்டு சர்டிபிகேட்ட வாங்கிட்டுப் போ. இந்தப் பொட்டிய உன்னத் தவர யாருக்கும் ஓட்டத் தெரியாதே" என்றார்.

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நான்கு நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

கடத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். அப்பா நிலத்தை விற்றுவிட்டுக் கூலிக்குப் போகிறவர். பத்தொன்பது வயசு, தமிழ் ஹையர் பாஸ். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பேச்சுக்குப் பேச்சு "அக்கா". பிழையில்லாமல் அடிப்பாள். ஆனால் நிதானம். ஒவ்வொரு விசையையும் மரியாதை கொடுத்துத் தொடுகிறவள். ஒரு தட்டு அவளுக்கு முதல் நாளே வந்துவிட்டது. இரட்டைத் தட்டுதான் வரவில்லை. அவள் தட்டுவாள், ஒன்று, இரண்டு. மெஷின் அதற்குள் எண்ணி முடித்துவிட்டிருக்கும். தடிக்கச் சொன்னாள், வேண்டாமென்றாள் என்று எடுத்துக்கொண்டு கம்மென்று இருக்கும். பத்தி முழுவதையும் அடித்து முடித்து நிமிர்ந்து பார்ப்பாள், எல்லாம் சாதாரண எழுத்து.

"சீக்கரம் தட்டு" என்பேன்.

"தட்டறங்கக்கா."

"இதுவா சீக்கரம்? கண்ணாலச் சீர் வெக்கறவளாட்டம் அடிக்கற."

அவள் விரலைப் பிடித்து நானே அடித்துக் காட்டினேன். மேசை விளிம்பில் தட்டச் சொன்னேன். பஸ்ஸில் போகும்போது டிபன் பாக்ஸ் மூடியில் தட்டிக்கொண்டே போகச் சொன்னேன். போனாளாம், பக்கத்து சீட்டுக்காரர் திட்டினாராம். ஒரு வாரம் போயிற்று. முதலாளி ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்து, தலைப்பு, நடு, கோடு எல்லாம் நான் அடித்தது மாதிரியே அவள் தன் கண் முன்னால் அடிக்க வேண்டும் என்றார். அடித்தாள். தலைப்பு ஓரத்தில் நின்றது, கோடு முதல் வார்த்தையோடு நின்றது. "இன்னம் கொஞ்சம் பழக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே நாங்கள் இரண்டு பேர்.  யாரைத் திட்டுவது? முதலாளியைத் திட்டினேன், அந்தப் பெண்ணைத் திட்டினேன், எங்கே சுற்றினாலும் கடைசியில் என்னிடமே வந்து நின்றது. அந்த எண்ணைக் கொடுத்தவள் நான்தானே. இன்னும் கொஞ்சம் இடம் விடலாமா என்று அந்த மனிதர் கேட்டாரே.

ஓசூர்க்காரர் வேலை முடிந்ததோடு வருவதை நிறுத்தியிருந்தார். எண்ணை மாற்ற அவரால்தான் முடியும். அவர் எழுதிய மூலப் பிரதி அவருடைய பிளாப்பியில்தான் இருந்தது. எங்களிடம் இருந்தது ஓடுகிற புரோகிராம் மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி போய் பஸ் மாறி ஓசூருக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அவருடைய அம்மா மோர் கொடுத்து உட்கார வைத்துக் கன்னடத்தில் சொன்னார். மகன் அமெரிக்கா போய் இரண்டு மாதம் ஆகிறது. பெட்டி, புத்தகம், பிளாப்பி எல்லாம் அவனோடு. நான் எதற்கு வந்தேன் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. ஒரு எண்ணை மாற்ற வந்தேன் என்று சொன்னால் யாருக்குப் புரியும்? திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். முப்பது நாளில் பத்தொன்பது போய்விட்டது.

இருபத்தாறாவது நாள் காலை. அந்தப் பெண் வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைத் துணியால் துடைப்பாள். அன்றைக்கு நான் ஏதோ கடுகடுவென்று இருந்ததால் பயந்து அழுத்தித் துடைத்திருக்கிறாள். பெட்டியின் முகப்பில், மெஷினின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும், டர்போ என்று ஒரு பொத்தான் உண்டு. துடைத்ததில் அது அமுங்கி, பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கு அணைந்துவிட்டது. நான் பார்க்கவில்லை. அடிக்க உட்கார்ந்தால் எழுத்துகள் திரையில் மெதுவாக வருகின்றன. என் விரலுக்குப் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு ஓடி வருகிற மாதிரி. "என்னடி பண்ணித் தொலைச்ச?" என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே, "தொடச்சங்கக்கா, வேற ஒன்னும் பண்லீங்க" என்றாள்.

நீயே உட்கார்ந்து அடி, பார்க்கலாம் என்று எழுந்துகொண்டேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ட்ரோலைப் பிடித்தாள். த. த. தன் வழக்கமான நிதானத்தில். ஒரு பத்தி அடித்தாள். முழுப் பத்தியும் தடித்து வந்தது.

இரண்டு பேரும் திரையையே பார்த்தோம். மறுபடி அடிக்கச் சொன்னேன். கோடு, பத்தி முழுக்க. நடு, பத்தி முழுக்க. பிறகுதான் அணைந்த விளக்கைப் பார்த்தேன். மெஷினே பாதி வேகத்துக்கு வந்துவிட்டால் அதன் எண்ணிக்கையும் பாதி வேகத்தில்தான் நடக்கும். எண் அதேதான், எண்ணி முடிக்க இரட்டிப்பு நேரம். அவளுடைய நிதானம் அதற்குள் அடங்கிவிட்டது. நான் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு எல்லாம் தப்பாக வந்தது. ரத்து செய்யத் தட்டினால் இரட்டை என்று எடுத்துக்கொண்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் முதலாளி முன்னால் அடித்துக் காட்டினாள். ஒரு குறை இல்லை. எழுத்து வருவது மெதுவாக இருக்கிறதே என்றார். பழசாகிவிட்டதுங்க, அப்படித்தான் என்றேன். பொய். அவர் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, இவ ஒரிஜினல கொண்டாந்து குடுக்கட்டும், உன்னுத எடுத்துக்க" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "இவளும் ஒன்னாட்டம் பாதியில கௌம்பிட்டா?" என்றார்.

"ரெண்டு வருசம் இருப்பாங்க. நான் பொறுப்பு" என்றேன். அந்தப் பெண்ணை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் அவள் என் கூடவே வந்தாள். நர்ஸ் டிரெய்னிங்குக்கு எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னாள். அதற்காக அவள் அம்மா நேர்ந்துகொண்டிருக்கிறாளாம். "அக்கா, ஒரிஜினல் குடுத்துட்டா, நான் கேக்கும்போது திருப்பிக் குடுத்துருவாருங்களா?"

என் கையில் மூன்று நாள் இருந்தது. அவள் மாட்டேன் என்று சொன்னால் எனக்கு வேறு ஆள் கிடையாது.

"குடுத்துருவாரு கண்ணு" என்றேன். "எனக்குக் குடுக்கறாரு பாரு."

மறுநாள் அவள் ஒரு மஞ்சப் பையில் எல்லாவற்றையும் கொண்டுவந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அவளுடைய அப்பா கட்டிக் கொடுத்திருந்தார். முதலாளி அவளுடையதை வாங்கிக்கொண்ட பிறகுதான் என்னுடையதை நீட்டினார். இருபத்தொன்பதாவது நாள் நான் அரூரில் போய்ச் சேர்ந்தேன்.

ஒன்பது மாதம் கழித்து அலுவலக விலாசத்துக்கு ஓர் இன்லாண்ட் கடிதம் வந்தது. அவள் கையெழுத்தும் அவள் அடிக்கிற மாதிரியே, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்றது. டிரெய்னிங்குக்கு இடம் கிடைத்துவிட்டது. முதலாளி சர்டிபிகேட் தர மாட்டேன் என்கிறார். ரெண்டு வருஷத்துக்கு அந்த அம்மா பொறுப்பு ஏற்றுக்கொண்டதால்தான் உன்னை எடுத்தேன், அவர்கள் நேரில் வந்து அந்தப் பேச்சை வாபஸ் வாங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறாராம். "அக்கா, நீங்கள் ஒரு நாள் வந்து சொன்னால் போதும். இருபதாம் தேதிக்குள் சேர வேண்டும்" என்று எழுதியிருந்தாள். என்னைத் திட்டி ஒரு வரி இல்லை.

அரூரிலிருந்து தர்மபுரி ஒரே பஸ். படிவத்தை எடுத்து லீவு கூட எழுதினேன். எழுதிய கையோடு பயம் பிடித்துக்கொண்டது. என்ன பயம் என்று இன்றைக்கும் என்னால் தெளிவாகச் சொல்ல முடியாது. என்னை அங்கே மறுபடி உட்கார வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேனா? அரசாங்க ஊழியரை யாரால் உட்கார வைக்க முடியும்? அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன் என்பதுதான் நிஜமாக இருக்க வேண்டும். படிவத்தைக் கிழித்துப் போட்டேன்.

லீவு கிடைக்கவில்லை என்று அவளுக்குப் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து கடிதம் வரவில்லை.